ஊக்கிப் பொருள்களில் பழ மணம்: ஒரு வேதியியல் வரலாறு

நிகோட்டின் நரம்பு மண்டலத்தைத் தூண்டும் ஓர் ஊக்கி. கசப்பும் தொண்டை எரிச்சலும் அதன் இயல்பு. புதிதாக வாயில் வைப்பவர் முகம் சுளித்துத் துப்புவதற்கு இதுவே காரணம். இந்த இயற்கைத் தடையைத் தளர்த்துவதற்குப் பழம், ஏலக்காய், புதினா மணங்கள் உதவுகின்றன. தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்ட குட்கா, வாயில் அடக்கும் புகையிலைப் பொட்டலம், மின் சிகரெட் ஆகியவற்றில் இவற்றைக் காணலாம்.

பழமில்லாப் பழ மணம்

கரிம அமிலமும் ஆல்கஹாலும் வினைபுரிந்தால் எஸ்டர் உண்டாகும். இதைப் பத்தாம் வகுப்பு அறிவியலிலேயே படிக்கிறோம். பல எஸ்டர்களுக்குப் பழ மணம் உண்டு. 1851-இல் லண்டனில் நடந்த உலகப் பொருட்காட்சியில் பேரி, ஆப்பிள், அன்னாசி மணமுள்ள செயற்கைச் சாறுகள் வைக்கப்பட்டன. வேதியியலர் ஹாஃப்மன் அவற்றை ஆராய்ந்து எஸ்டர்கள் என விளக்கினார். முதலில் மிட்டாய்க்குப் பயன்பட்ட இந்த நுட்பம் பிற்காலத்தில் புகையிலைக்கும் வந்தது.

கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து ஒரு சான்று

உத்தமபாளையம் வட்டத்திலுள்ள மார்க்கையன்கோட்டை போன்ற ஊர்களின் மாணவர்களுக்கு உண்மைப் பழ மணம் புதிதன்று. 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சை, மஸ்கட் ஹாம்பர்க் வகையைச் சேர்ந்தது. லினாலூல், ஜெரானியால் போன்ற டெர்பீன் வகைப் பொருள்களே மஸ்கட் திராட்சைகளின் மணத்துக்குக் காரணம். மிட்டாயில் வரும் 'திராட்சை' மணமோ பெரும்பாலும் மெத்தில் ஆந்த்ரனிலேட் என்னும் எஸ்டர். இது அமெரிக்கக் கான்கார்டு திராட்சையின் மணம். வாழைப்பழ மணத்துக்கு ஐசோஅமைல் அசிட்டேட் ஒன்றே போதும். போடிச் சந்தைக்கு வரும் ஏலக்காயின் மணத்திலும் சினியோலுடன் டெர்பினைல் அசிட்டேட் என்னும் எஸ்டர் இருக்கிறது. ஆகவே, பொட்டலத்தில் பழ மணம் வீசுவதால் அதில் பழம் இருப்பதாகப் பொருளில்லை.

மணம் செய்யும் வேலை

இனிப்போடு பழகிய மணத்தை முகர்ந்தால் மூளை இனிப்பை எதிர்பார்க்கும்; கசப்பு குறைவாகத் தெரியும். புதினாவிலுள்ள மென்தால் குளிர்ச்சியை உணரும் நரம்பைத் தூண்டி எரிச்சலை மறைக்கும். குட்காவில் கலக்கும் சுண்ணாம்பு காரத்தன்மையை உயர்த்துவதால் நிகோட்டின் வாயின் மென்சவ்வு வழியே விரைவாக இரத்தத்தில் கலக்கும். மணம் மாறினாலும் நஞ்சு மாறுவதில்லை.

உண்ணத் தகுந்த மணப்பொருள் சுவாசிக்கவும் தகுந்தது என்று கொள்ளக் கூடாது. வெண்ணெய் மணம் தரும் டைஅசிட்டைலின் ஆவியைச் சுவாசித்த அமெரிக்கப் பாப்கார்ன் ஆலைத் தொழிலாளர்களுக்குக் கடும் நுரையீரல் நோய் வந்தது 2000-இல் வெளிப்பட்டது. பின்னர் அதே பொருள் மின் சிகரெட் திரவங்கள் பலவற்றிலும் கண்டறியப்பட்டது.

வதந்தியும் உண்மையும்

2007-இல் அமெரிக்காவில், மெத்தாம்ஃபெட்டமினில் ஸ்ட்ராபெரி சுவை கலந்து சிறுவர்களுக்கு விற்கிறார்கள் என்ற செய்தி பரவியது. அது பெரும்பாலும் நிறமேற்றிய சரக்கே என்று பின்னர் தெரிந்தது. ஆனால், கடையில் வெளிப்படையாக விற்ற புகையிலையில் பழ மணம் இருந்தது உண்மை. 2009-இல் அந்நாடு மென்தால் தவிர்த்த பிற மணமூட்டிய சிகரெட்டுகளைத் தடை செய்தது.

சட்டத்தின் பாதை

தமிழ்நாடு 2001-இல் குட்காவுக்கு விதித்த தடையை 2004-இல் உச்ச நீதிமன்றம் நீக்கியது. உணவில் புகையிலையும் நிகோட்டினும் சேர்க்கக் கூடாது என்ற 2011-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு விதியின் துணையுடன் 2013-இல் தடை மீண்டும் வந்தது. 2019-இல் மின் சிகரெட் நாடு முழுவதும் தடை செய்யப்பட்டது.

எனினும் சிக்கல் தீரவில்லை. 'கூல் லிப்' என்னும் புகையிலைப் பொட்டலம் பள்ளி மாணவரிடையே பரவுவது குறித்து 2024-இல் சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளை கவலை தெரிவித்தது. அதை நாடு முழுவதும் ஏன் தடை செய்யக் கூடாது என்றும் கேட்டது. மிட்டாய்போல் மணக்கும் பொட்டலத்தைப் புகையிலை என்று சிறுவர்கள் எளிதில் எண்ணுவதில்லை. அந்த மணம் எங்கிருந்து வருகிறது என்பதை வகுப்பறையிலேயே அறிந்துகொள்வது அவர்களுக்குப் பாதுகாப்பு.