கோட்டு போட்ட பைக்காரர்களும் எங்கள் மூத்தவரும்

பதிவு கொஞ்சம் நீளம். நேரம் இருக்கும்போது படியுங்கள்.

போன மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சென்னையில் நான் பைக்குகளுக்கு நடுவில் நிற்கும் போட்டோவைப் பார்த்துவிட்டு, "சார், இந்த வயசுல பைக் கிளப்பா?" என்று நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். அப்படியெல்லாம் ஒன்றுமில்லை. என்னிடம் எட்டாம் வகுப்பு படித்த தம்பி ஒருவன் கூப்பிட்டான். "நீங்க வண்டி ஓட்ட வேணாம் சார். வர்றவங்க பேரை டிக் அடிச்சு, தண்ணி பாட்டில் கொடுத்தா போதும்" என்றான். 35 வருஷம் அட்டெண்டன்ஸ் எடுத்தவனுக்கு அது சுலபம்தானே! போய் உட்கார்ந்துவிட்டேன்.

அந்த ஊர்வலத்துக்கு டிஸ்டிங்விஷ்ட் ஜென்டில்மேன்ஸ் ரைடு என்று பெயர். 'கனவான்கள் சவாரி' என்று வைத்துக்கொள்ளுங்கள். உலகம் பூராவும் பல ஊர்களில் ஒரே ஞாயிற்றுக்கிழமை நடக்கிறது. பழைய வண்டி, இல்லையென்றால் பழைய சாயலில் செய்த வண்டியாக இருக்க வேண்டும். ஓட்டுகிறவர் கோட்டு, டை கட்டி வர வேண்டும். மே மாத வெயிலில் சென்னையில் கோட்டு! வேட்டி சட்டையில் வந்தவர்களைப் பார்த்தபோது, இவர்கள்தான் புத்திசாலிகள் என்று நினைத்தேன். என் பழைய டி.வி.எஸ். 50-ஐச் சேர்த்துக்கொள்வீர்களா என்று கேட்டேன். தம்பி சிரித்து மழுப்பிவிட்டான்.

எதற்கு இந்த வேஷம் என்று தேடிப் படித்தேன். சமூக அறிவியல் வாத்தியார் புத்தி, சும்மா இருக்குமா?

கதை 1947-ல் ஆரம்பிக்கிறது. நமக்கு அது வேறு காரணத்துக்காக முக்கியமான வருஷம். அமெரிக்காவில், கலிபோர்னியாவில் ஹாலிஸ்டர் என்று ஒரு சின்ன ஊர். ஜூலை 4 விடுமுறையை ஒட்டி அங்கே நடந்த பைக் பந்தயத்துக்கு ஆயிரக்கணக்கானவர்கள் வந்து குவிந்தார்கள். குடியும் ரகளையும் ஆனது. சுற்றிலும் பீர் பாட்டில்கள் கிடக்க, வண்டி மேல் ஒருவன் சாய்ந்து உட்கார்ந்திருக்கும் படத்தை 'லைஃப்' பத்திரிகை போட்டது. அது ஏற்பாடு செய்து எடுத்த படம் என்று பிறகு சொன்னவர்களும் உண்டு. ஆனால் கெட்ட பெயர் வந்தது வந்ததுதான். 1953-ல் மார்லன் பிராண்டோ நடித்த 'தி வைல்ட் ஒன்' படம் அதை உலகம் முழுக்கக் கொண்டுபோனது. பிரிட்டனில் தணிக்கைக்காரர்கள் அந்தப் படத்துக்கு 1967 வரை சான்றிதழ் தரவில்லை. பைக்காரன் என்றால் ரவுடி என்று ஊர் முடிவு கட்டிவிட்டது.

அந்தப் பெயரை மாற்றத்தான் 2012-ல் ஆஸ்திரேலியாவின் சிட்னியில் மார்க் ஹவ்வா என்பவர் இதைத் தொடங்கினார். 'மேட் மென்' என்ற டி.வி. தொடரின் கதாநாயகன் கோட்டு சூட்டோடு பழைய வண்டியில் உட்கார்ந்திருக்கும் படம் ஒன்றைப் பார்த்து வந்த யோசனை. முதல் வருஷமே 64 ஊர்களில் சுமார் 2,500 பேர் ஓட்டினார்கள். கவனியுங்கள், அப்போது இதில் நன்கொடை என்ற பேச்சே இல்லை. அடுத்த வருஷம்தான் புராஸ்டேட் புற்றுநோய்க்காகப் பணம் திரட்ட ஆரம்பித்தார்கள். 2014-ல் ட்ரையம்ப் பைக் கம்பெனி ஆதரவுக்கு வந்தது. பிராண்டோ அந்தப் படத்தில் ஓட்டியதும் ட்ரையம்ப் வண்டிதான்!

2016-லிருந்து இந்தப் பணம் மோவெம்பர் என்ற அமைப்புக்குப் போகிறது. அதன் கதையும் இதே மாதிரிதான். 2003-ல் மெல்பர்னில் இரண்டு நண்பர்கள் பேச்சுவாக்கில், வழக்கொழிந்துபோன மீசையைத் திரும்பக் கொண்டுவருவோம் என்று கிளம்பினார்கள். நவம்பர் மாதம் 30 பேர் மீசை வளர்த்தார்கள். அடுத்த வருஷம்தான் அதை ஆண்களின் உடல்நலத்துக்கு என்று மாற்றினார்கள். நம் ஊர்க்காரர்களிடம் மீசை வளர்க்கச் சொன்னால் சிரிப்பார்கள். அங்கே அது அதிசயம்.

சென்னைக்கும் இதில் ஒட்டுறவு உண்டு. அன்று நான் டிக் அடித்தவர்களில் நிறையப் பேர் வந்தது புல்லட்டில். 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸ், இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டோடு கூட்டுச் சேர்ந்து, நம் ராணுவத்துக்குத் தேவையான வண்டிகளுக்காகத் தொழிற்சாலை தொடங்கியது. திருவொற்றியூரில் புல்லட் தயாரானது. இங்கிலாந்தில் அந்தக் கம்பெனி மூடிய பிறகும் இங்கே நிற்கவில்லை. 'பழைய சாயல்' வண்டிக்கு நாம் எங்கேயும் தேடிப்போக வேண்டியதில்லை.

இனி எழுதுவதை எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

உறவுகளில் பலருக்குத் தெரியும், எங்கள் மூத்தவர் எப்படிப் போனார் என்று. ராத்திரியில் நாலைந்து தடவை எழுந்து போவார். கேட்டால் "சுகர்டா" என்பார். இடுப்பு வலிக்குத் தைலம் தேய்த்தே ஒன்றரை வருஷம் ஓட்டினார். ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனபோது, புராஸ்டேட்டில் தொடங்கிய புற்றுநோய் எலும்புக்குப் போய்விட்டது என்றார்கள். அந்த இடத்தைப் பற்றி ஒரு தம்பியிடம்கூட வாய்விட்டுச் சொல்லக் கூச்சப்பட்டார். நானும் துருவிக் கேட்கவில்லை.

அன்று மேஜையில் ஒரு நோட்டீஸ் கட்டு இருந்தது. அதை எல்லாருக்கும் கொடுப்பதும் என் வேலை. கொடுத்துக்கொண்டே இருந்தவனைப் பார்த்து அந்தத் தம்பி, "நீங்க டெஸ்ட் பண்ணியிருக்கீங்களா சார்?" என்று கேட்டான். நான் பதில் சொல்லவில்லை. இரண்டு வருஷமாக நானும் ராத்திரியில் மூன்று தடவை எழுந்துகொண்டிருந்தேன். வீட்டில் சொன்னது, "தூக்கம் வரல."

மறுவாரம் போய் பி.எஸ்.ஏ. ரத்தப் பரிசோதனை செய்துகொண்டேன். வயதானால் சுரப்பி வீங்குவது சகஜம், உங்களுக்கு இருப்பது அதுதான் என்று டாக்டர் மாத்திரை கொடுத்தார். ராத்திரி எழுந்து போவதெல்லாம் புற்றுநோய் இல்லையாம். ஆனால் புற்றுநோய் ஆரம்பத்தில் ஒரு அறிகுறியும் காட்டாமலே இருக்கலாமாம், அதையும் அவரே சொன்னார். 50 தாண்டிய தம்பிகள், இந்தப் பரிசோதனை தனக்குத் தேவையா என்று டாக்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். அண்ணனுக்கோ அப்பாவுக்கோ வந்திருந்தால் இன்னும் கொஞ்சம் முன்னாலேயே கேளுங்கள். கமெண்ட்டில் எழுதக் கூச்சமாக இருந்தால் எனக்கு போன் பண்ணுங்கள்.

என்னை மறுபடி நவம்பரில் வரச் சொல்லியிருக்கிறார்கள். மீசை மாசம். ஞாபகப்படுத்துகிறேன் என்று தம்பி சொல்லியிருக்கிறான். அடுத்த மே மாதம் பெயர் டிக் அடிக்கவும் என்னையே கூப்பிட்டிருக்கிறான், டி.வி.எஸ். 50 மட்டும் வேண்டாமாம்.