பங்குகுரு பணியேற்பு (இங்கிலாந்து திருச்சபை)

இங்கிலாந்து திருச்சபையில் ஒரு பங்கின் பொறுப்பைப் புதிய குரு ஏற்கும் நடைமுறை. முந்தைய குரு விலகியபின் பல மாதங்கள், சில இடங்களில் ஓராண்டுக்கும் மேலாக, பதவி காலியாக இருக்கும். அந்த இடைக்காலத்தில் ஆலயத்தைத் தாங்குபவர்கள் சர்ச்வார்டன்கள் எனப்படும் பொதுநிலையினர். ஆராதனைக்கு வெளிக்குருமாரை அழைப்பது, கூரை ஒழுகினால் ஆள் தேடுவது எல்லாம் அவர்கள் தலையில் விழும். இந்த உழைப்புக்குரிய மதிப்பு வரலாற்று நூல்களில் அரிதாகவே கிடைக்கிறது.

குருவை முன்மொழியும் உரிமை புரவலருக்கு உண்டு. அரசர், பேராயர் (பிஷப்), ஆக்ஸ்ஃபோர்டு அல்லது கேம்பிரிட்ஜ் கல்லூரி, பழைய நிலக்கிழார் குடும்பம் என யாரும் புரவலராக இருக்கலாம். 1986-ஆம் ஆண்டின் புரவலர் சட்டம், பங்கின் பிரதிநிதிகள் இருவருக்கு அத்தேர்வை மறுக்கும் உரிமை தந்தது.

பணியேற்பு வழிபாட்டில் குரு அரசருக்கு விசுவாசமும் பேராயருக்குக் கீழ்ப்படிதலும் உறுதிகூறுவார். ஆன்மப் பராமரிப்பைப் பேராயர் அவரிடம் ஒப்படைப்பார். பின்னர் ஆர்ச்டீக்கன் (பேராயருக்குத் துணைநிற்கும் மூத்த குரு) புதிய குருவின் கையை ஆலயக் கதவின் பிடியிலோ சாவியிலோ வைத்து உடைமை அளிப்பார். உடனே குரு மணியை ஒலிப்பார். எத்தனை முறை ஒலிக்கிறதோ அத்தனை ஆண்டு அவர் தங்குவார் என்பது ஊர்மக்கள் நம்பிக்கை. சடங்குகளில் மக்கள் மனத்துக்கு மிக நெருக்கமானது இதுவே.

பெண்கள் 1994 முதல் குருக்களாக அருட்பொழிவு பெறுகின்றனர். 2011 ஜனவரி 31 முதல் புதிதாகப் பதவியேற்போருக்குப் பழைய நிரந்தரப் பதவியுரிமை வழங்கப்படுவதில்லை.