அர்ஜென்டினா: அரசு நிறுவனங்களும் அரசியல் வன்முறையும்

அர்ஜென்டினாவில் 1930க்கும் 1976க்கும் இடையே ராணுவம் ஆறு முறை ஆட்சியைக் கைப்பற்றியது. 1930 செப்டம்பர் 6 அன்று ஜெனரல் யூரிபுரு குடியரசுத் தலைவரைக் கவிழ்த்தார். நான்கே நாட்களில் உச்ச நீதிமன்றம் புதிய ஆட்சியை 'நடைமுறை அரசு' என ஏற்றுக்கொண்டது. பின்னால் வந்த ஒவ்வொரு தளபதிக்கும் வழி திறந்துவிட்டது இந்த ஏற்புதான்.

1955 ஜூனில் சொந்த நாட்டுக் கடற்படை விமானங்களே தலைநகர் புவெனோஸ் அய்ரெஸின் மாயோ சதுக்கத்தில் குண்டு வீசின. 300க்கும் மேற்பட்டோர் மாண்டனர். 1970இல் மோந்தனேரோஸ் கெரில்லாக்கள் முன்னாள் அதிபர் அரம்புருவைக் கடத்திக் கொன்றார்கள். சமூக நல அமைச்சர் லோபெஸ் ரேகாவின் நிழலில் இயங்கிய 'டிரிபிள் ஏ' கொலைப்படை, இடதுசாரிகளைச் சுட்டு வீதியில் வீசியது.

1976 மார்ச் 24 அன்று விடேலா, மசேரா, அகோஸ்தி என்ற முப்படைத் தளபதிகள் அதிபர் இசபெல் பெரோனை நீக்கிவிட்டு ஆட்சிக்கு வந்தனர். அதன் பிறகு ஆட்கள் காணாமல்போனார்கள். உறவினர்கள் ஆயிரக்கணக்கில் ஆட்கொணர்வு மனு போட்டார்கள். 'அப்படி ஒருவர் எங்கள் காவலில் இல்லை' என்று காவல்துறை எழுதித் தரும். நீதிபதி கோப்பை மூடிவிடுவார். ராணுவம் வகுத்த சட்டத்துக்கு உறுதிமொழி எடுத்தவர்களே நீதிபதி இருக்கைகளில் இருந்தார்கள். அவர்களின் கையெழுத்து இல்லாமல் இவ்வளவு பெரிய கொடுமை இத்தனை ஆண்டுகள் நீடித்திருக்க முடியாது.

தலைநகரிலிருந்த கடற்படை இயந்திரவியல் பள்ளி, எஸ்மா, இந்த அரச வன்முறையின் கொடிய உதாரணம். அங்கே அதிகாரிகள் விடுதியின் மேல்தளத்தில், தலையில் முக்காடு மாட்டப்பட்டு, காலில் விலங்கோடு கைதிகள் கிடந்தார்கள். கீழ்த்தளங்களில் அதிகாரிகள் உறங்கினார்கள். அங்கே அடைக்கப்பட்டவர்கள் சுமார் 5,000 பேர். உயிர் பிழைத்தவர்கள் சில நூறு பேர்தான். 'இடமாற்றம்' என்று சொல்லி, மயக்க ஊசி போட்டு, பலரை விமானத்திலிருந்து உயிரோடு கடலில் தள்ளினார்கள். கைதிகள் பெற்ற குழந்தைகள் பொய்ப் பிறப்புச் சான்றிதழோடு வேறு குடும்பங்களிடம் போயின.

1977 ஏப்ரல் 30 அன்று, காணாமல்போனவர்களின் தாய்மார்கள் 14 பேர் மாயோ சதுக்கத்தில் கூடினார்கள். கூட்டம் கூடத் தடை இருந்ததால் நிற்காதீர்கள், நடங்கள் என்றது போலீஸ். அவர்கள் நடந்தார்கள், வாரந்தோறும் நடந்தார்கள். காணாமல்போன சகோதரனைத் தேடுபவன் என்று சொல்லி அவர்களோடு சேர்ந்துகொண்ட கடற்படை அதிகாரி ஆஸ்திஸின் துரோகத்தால், அந்த டிசம்பரில் முன்னணியில் நின்ற அசுசேனா வில்யாஃப்ளோரும் பிறரும் கடத்தப்பட்டார்கள். சில நாட்களில் கடல் சில உடல்களைக் கரையில் ஒதுக்கியது. அவை பெயரில்லாதவர்களாகப் புதைக்கப்பட்டன.

1982இல் பிரிட்டனுடனான மால்வினாஸ் (ஃபாக்லாந்து) போரில் தோற்ற ராணுவம் அடுத்த ஆண்டு ஆட்சியை விட்டது. புதிய அதிபர் அல்ஃபொன்சின், எழுத்தாளர் எர்னெஸ்தோ சபாத்தோ தலைமையில் விசாரணைக் குழு அமைத்தார். காணாமல்போன ஏறத்தாழ 9,000 பேரையும் சுமார் 340 ரகசிய முகாம்களையும் அது பதிவு செய்தது. மனித உரிமை அமைப்புகள் 30,000 பேர் என்கின்றன. 1985இல் தளபதிகள் ஒன்பது பேர் சிவில் நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டார்கள். விடேலாவுக்கும் மசேராவுக்கும் ஆயுள் தண்டனை, நால்வர் விடுதலை. பிறகு ராணுவத்தின் மிரட்டலுக்குப் பணிந்து 1986, 1987இல் வழக்குகளை முடக்கும் சட்டங்கள் வந்தன; அடுத்த அதிபர் மெனெம் பொதுமன்னிப்பு அளித்தார். 2005இல்தான் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டங்களைச் செல்லாதவை என்றது.

அதே 2005இல் தடயவியல் மானுடவியல் குழு வில்யாஃப்ளோரின் எலும்புகளை அடையாளம் கண்டது. உயரத்திலிருந்து விழுந்ததற்கான முறிவுகள் அவற்றில் இருந்தன. அவரையும் பிறரையும் கடலில் தள்ளிய, கடலோரக் காவல்படையின் ஸ்கைவேன் விமானம் பின்னர் அமெரிக்காவில் கண்டுபிடிக்கப்பட்டது. 1977 டிசம்பர் 14 இரவில் மூன்று மணி நேரத்துக்கும் மேல் அது பறந்திருந்ததை அதன் பயணப் பதிவேடு காட்டிக்கொடுத்தது. 2017 நவம்பரில் முடிந்த எஸ்மா வழக்கில், அன்றிரவு அதை ஓட்டிய விமானிகளில் இருவருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது.