காலணி இயந்திரங்கள்: தொடக்க வரலாறு

காலணி செய்ய வேண்டிய தோலை இறுக்குவது, தைப்பது, அச்சுக்கட்டையில் இழுத்துப் பாத வடிவம் கொடுப்பது, அடித்தோலைப் பொருத்துவது ஆகிய வேலைகளைக் கைக்குப் பதிலாகச் செய்பவை காலணி இயந்திரங்கள். 1790இல் இங்கிலாந்தில் பதிவான ஒரு காப்புரிமையில் தொடங்கி, 1883இல் அமெரிக்காவின் லின் நகரில் காப்புரிமை பெற்ற லாஸ்டிங் இயந்திரம் வரை உள்ள ஏறத்தாழ நூறாண்டுகளை இவற்றின் தொடக்க காலம் எனலாம். நூற்பு 18ஆம் நூற்றாண்டிலேயே ஆலைக்குள் போய்விட்டது. நெசவும் சில பத்தாண்டுகளில் அதன் பின்னே போனது. காலணி மட்டும் 1850 வரை பெரும்பாலும் தொழிலாளியின் மடியை விட்டு இறங்கவில்லை. துணி தட்டையாகக் கிடக்கும். காலணியோ குழிவும் வளைவும் கொண்டது, உள்ளே கைவிட இடமில்லாதது. தோலும் ஒரே சீராக இருப்பதில்லை. ஒரே மாட்டின் தோல் முதுகில் ஒரு மாதிரி இழுபடும், வயிற்றில் வேறு மாதிரி இழுபடும். இந்த இரண்டு தடைகளையும் ஒவ்வொன்றாகக் கடந்ததுதான் இந்த இயந்திரங்களின் வரலாறு.

கைவேலையின் படிகள்

கையால் செய்த காலத்தில் நான்கு படிகள் இருந்தன. முதலில் தோலை அளவுக்கு வெட்டுவார்கள். வெட்டிய துண்டுகளைத் தைத்து மேல்தோல் ஆக்குவது இரண்டாவது. மரத்தாலான அச்சுக்கட்டையின் அடியில் உள்ளடித் தோலை வைத்து, அதன்மேல் மேல்தோலைக் குறடால் இழுத்து, விளிம்பை மடித்து ஆணியடித்து நிறுத்துவது மூன்றாவது. இதற்குத்தான் லாஸ்டிங் என்று பெயர். கடைசியில் கனத்த அடித்தோலைத் தைத்துச் சேர்ப்பார்கள். குத்தூசியால் துளையிட்டு, மெழுகு பூசிய நூலின் இரு முனையிலும் பன்றிமயிரைக் கட்டி, அதையே ஊசியாகக் கொண்டு இரு பக்கமிருந்தும் கோப்பது வழக்கம். அடித்தோலை முன்கூட்டியே மடியில் வைத்த கல்லின்மேல் போட்டுச் சுத்தியலால் நெடுநேரம் அடித்து இறுக்க வேண்டும். 1840களின் நடுவில் வந்த உருளை இயந்திரம் இந்த அடிக்கும் வேலையைச் சில நிமிடங்களில் முடித்தது. பெரிதாகப் பேசப்படாத பொறி அது. ஆனால் தொழிலாளியின் தோளுக்கு அதைவிட நன்மை செய்த இயந்திரம் பின்னாளிலும் வந்ததாகச் சொல்ல முடியாது.

மாசசூசெட்ஸின் லின், பாஸ்டனுக்கு வடக்கே உள்ள கடலோர ஊர். வேல்ஸ் நாட்டவரான ஜான் ஆடம் டாகிர் 1750இல் அங்கு குடியேறி நல்ல தரமான காலணி செய்யும் முறையைப் பரப்பினார். வீட்டை ஒட்டி ஏறக்குறைய பத்தடிச் சதுரத்தில் ஒரு கொட்டகை. அதற்குள் சில ஆண்கள் லாஸ்டிங்கும் அடித்தோல் வேலையும் செய்வார்கள். மேல்தோல் தைப்பது வீட்டுப் பெண்களின் வேலை. வியாபாரி தோலைக் கொடுத்து, காலணியை வாங்கிக்கொண்டு கூலி கொடுப்பார். இயந்திரங்கள் பெரும்பாலும் இந்த ஊரைச் சுற்றியே வளர்ந்தன.

முதல் இரண்டு முயற்சிகள்

லண்டனைச் சேர்ந்த தாமஸ் செயின்ட் 1790இல் பெற்ற காப்புரிமையில் தோல் தைக்கும் இயந்திரம் ஒன்றின் வரைபடம் உள்ளது. குத்தூசி முதலில் துளையிடும். கவை போன்ற நுனியுள்ள ஊசி அதன் வழியே நூலைத் தள்ளும். அடியில் ஒரு கொக்கி அதைப் பிடித்துச் சங்கிலித் தையல் போடும். பின்னாளைய தையல் இயந்திரத்தின் பல உறுப்புகள் இதிலேயே இருந்தன. ஆனால் காலணிக்கான பூச்சுகள், பசைகளோடு சேர்த்து ஒரே காப்புரிமையாகப் பதிவானதால் அது கோப்புகளுக்குள் மறைந்து போனது. 1870களில் வில்லியம் நியூட்டன் வில்சன் என்ற தையல் இயந்திர உற்பத்தியாளர்தான் அதைக் கண்டெடுத்தார். படத்தைப் பார்த்து அவர் செய்த மாதிரி, சில உறுப்புகளை மாற்றிய பிறகே தைத்தது. எனவே செயின்ட் தம் பொறியை உண்மையில் ஓட்டினாரா என்ற ஐயம் நியாயமானது.

இரண்டாவது முயற்சி ஓடிய தொழிற்சாலை. போர்ட்ஸ்மத் கடற்படைத் தளத்துக்குக் கப்பி செய்யும் இயந்திரங்களை வடிவமைத்த மார்க் பிரூனெல், 1809இல் ஸ்பெயினின் கொருன்னாவிலிருந்து திரும்பிய பிரித்தானியப் படைவீரர்கள் கிழிந்த பூட்ஸோடும் கந்தல் சுற்றிய கால்களோடும் கரையேறியதைப் பார்த்தார். அடித்தோலைத் தைக்காமல் உலோக ஆணிகளால் பொருத்தும் முறைக்கு 1810இல் காப்புரிமை பெற்று, லண்டனின் பேட்டர்சியில் ஆலை வைத்தார். வேலையாட்கள் போரில் ஊனமுற்ற முன்னாள் வீரர்கள். ஒருவருக்கு ஒரு சிறு வேலை என்று பிரித்துக் கொடுத்ததால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 400 ஜோடி வெளிவந்தது. 1815இல் வாட்டர்லூ போர் முடிந்ததும் அரசு வாங்குவதை நிறுத்தியது. விற்காத பூட்ஸ் குவிந்தது. வேறு கடன்களும் சேர்ந்தன. 1821இல் பிரூனெல் கடனாளிச் சிறைக்குப் போனார். அரசு 5,000 பவுண்டு கொடுத்து மீட்டது. போர் முடிந்தவுடன் வாங்குவார் இல்லாமல் போன முதல் காலணி இயந்திரம் இது. அரை நூற்றாண்டுக்குப் பின் வேறொரு போர் வேறொரு இயந்திரத்தைத் தூக்கிவிட்டது என்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

மர ஆணியும் மேல்தோல் தையலும்

அமெரிக்காவில் பிரூனெலின் உலோக ஆணியின் இடத்தை மர ஆணி பிடித்தது. மாசசூசெட்ஸின் ஹாப்கின்டனைச் சேர்ந்த ஜோசப் வாக்கர் 1818 வாக்கில் இதைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். நனைந்தால் மரம் ஊதி இன்னும் இறுகும், துருப்பிடிக்காது, விலையும் சொற்பம். 1833இல் டேன்வர்ஸ் ஊரின் சாமுவேல் பிரெஸ்டன் மர ஆணி அடிக்கும் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். அந்த வகை உண்மையில் வேகம் பிடித்தது 1850களில்தான். மெய்ன் மாநிலத்துக் காலணித் தொழிலாளியான பெஞ்சமின் ஸ்டர்ட்டவன்ட், பிர்ச் மரத்திலிருந்து நீண்ட பட்டையைச் சீவி, அதை இயந்திரத்துக்குள் செலுத்தி, அங்கேயே ஆணியாக நறுக்கி அடிக்கும் வழியைச் சீராக்கினார். பாலிஷ் போடும் இயந்திரங்கள் கிளப்பிய தூசியை வெளியேற்ற அவர் செய்த விசிறிதான் பின்னர் அவருடைய பெருந்தொழிலாயிற்று. காலணிப் பட்டறைத் தூசியில் பிறந்த காற்றோட்ட விசிறி, சுரங்கங்களுக்கும் கப்பல்களுக்கும் போனது.

அச்சுக்கட்டைக்கும் இதே காலத்தில் மாற்றம் வந்தது. தாமஸ் பிளாஞ்சர்ட் துப்பாக்கிக் கட்டை கடைவதற்காக 1819இல் உருவாக்கிய கடைசல் பொறி, ஒரு மாதிரியைத் தடவிச் சென்று அதே வளைவை மரத்தில் செதுக்கும். அதைக் காலணிக் கட்டைக்கும் பயன்படுத்தினார்கள். இடம் வலம் என வேறுவேறு வடிவில், ஒரே அளவில், எத்தனை கட்டை வேண்டுமானாலும் கிடைத்தது. அதுவரை மலிவான காலணிகள் பலவற்றில் இரண்டு காலுக்கும் ஒரே நேர்க்கட்டைதான்.

எலியாஸ் ஹோவின் 1846ஆம் ஆண்டுத் தையல் இயந்திரம் துணிக்கானது. 1850களின் தொடக்கத்தில் லின்னில் ஜான் நிக்கல்ஸ் அதைத் தோலுக்கு ஏற்பத் திருத்தினார். சிங்கர் இயந்திரங்களும் வந்தன. மேல்தோல் இன்னும் தட்டையாக இருக்கும் கட்டத்தில் தைக்கப்படுவதால் இது எளிதில் கைகூடியது. அதன் விளைவு முதலில் பெண்கள்மேல் விழுந்தது. வீட்டில் தைத்தவர்களின் வேலை இயந்திரம் இருக்கும் கட்டடத்துக்கு நகர்ந்தது. 1857ஆம் ஆண்டுப் பொருளாதாரச் சரிவுக்குப் பிறகு கூலியும் குறைந்தது. 1860 பிப்ரவரி 22 அன்று, வாஷிங்டனின் பிறந்தநாளில், லின் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். உள்நாட்டுப் போருக்கு முன் அமெரிக்கா கண்ட மிகப் பெரிய வேலைநிறுத்தம் அது. மார்ச்சில் பனி கொட்டும்போது நூற்றுக்கணக்கான பெண்கள் ஊர்வலம் போனார்கள். அதிபர் தேர்தலுக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்த ஆபிரகாம் லிங்கன், விரும்பும்போது வேலையை நிறுத்த முடிகிற முறை இருப்பதே நல்லது என்று நியூ ஹேவன் கூட்டத்தில் பேசினார்.

பிளேக், மெக்கே, குட்இயர்

அடித்தோல் தையலில்தான் உண்மையான சிக்கல். காலணி மூடிய பிறகு உள்ளேயிருந்து நூலைத் தருவது யார்? தெற்கு அபிங்டனில் காலணித் தொழிலில் வளர்ந்து, சிங்கர் இயந்திரங்களை நிறுவிப் பழகியிருந்த லைமன் பிளேக் இதற்கு விடை கண்டார். கொம்பு வடிவில் ஒரு குழாய்க் கை. அதன்மேல் காலணியை மாட்டுவார்கள். மெழுகு நூல் கைக்குள்ளேயே ஓடி நுனிக்கு வரும். மேலிருந்து இறங்கும் கொக்கி ஊசி அடித்தோலையும் உள்ளடியையும் துளைத்து, அங்கே நூலைப் பிடித்து மேலே இழுக்கும். 1858 ஜூலை 6 அன்று காப்புரிமை. ஆனால் காலணியின் அமைப்பையே கொஞ்சம் மாற்றினால்தான் இந்தத் தையல் சரியாக விழும். தையல் பாதத்தின் கீழே உள்ளுக்குள் வருவதால் மேலே ஒரு உறை ஒட்ட வேண்டும். அதனால் உற்பத்தியாளர்கள் தயங்கினார்கள்.

1859இல் கார்டன் மெக்கே என்ற பொறியாளர் 70,000 டாலர் பேசி உரிமையை வாங்கினார். ரொக்கமாகக் கொடுத்தது 8,000. மீதி வரப்போகும் வருமானத்திலிருந்து. இயந்திரத்தைத் திருத்தியும் விற்பனை சூடுபிடிக்கவில்லை. அப்போதுதான் மெக்கே தம் உண்மையான கண்டுபிடிப்பைச் செய்தார் என்பேன்: இயந்திரத்தை விற்காமல் வாடகைக்கு விட்டார். தைக்கும் ஒவ்வொரு ஜோடிக்கும் சில சென்ட் உரிமைத்தொகை. சிறு முதலாளியும் இயந்திரம் வைக்கலாம். ஆனால் ஒரு ஜோடியும் மெக்கேயின் கணக்கிலிருந்து தப்பாது. உள்நாட்டுப் போரில் படைக்குப் பூட்ஸ் வேண்டியிருந்தது, தைக்கிற கைகள் போர்முனைக்குப் போயிருந்தன. இயந்திரம் பரவியது. 1903இல் மெக்கே இறந்தபோது பெரும் செல்வத்தை ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்கு எழுதி வைத்திருந்தார். அவர் பெயரிலான பேராசிரியர் பதவிகள் அங்கே இன்றும் உள்ளன.

மெக்கே தையல் விறைப்பானது, மறுபடி அடித்தோல் மாற்ற அவ்வளவு வசதியற்றது. கைவேலைக்காரர்களின் உயர்தர முறை வேறு: உள்ளடியோடும் மேல்தோலோடும் வெல்ட் என்னும் தோல்பட்டையைச் சுற்றித் தைத்து, அந்தப் பட்டையில் அடித்தோலைத் தைப்பார்கள். நியூயார்க்கின் ஆகஸ்ட் டெஸ்டூய் 1862இல் வளைந்த ஊசி கொண்ட இயந்திரம் ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். ரப்பரைப் பதப்படுத்தும் முறையைக் கண்ட சார்லஸ் குட்இயரின் அதே பெயருடைய மகன் அந்த முயற்சியைத் தம் கையில் எடுத்து, பல இயந்திரக் கலைஞர்களின் உதவியோடு 1870களில் வெல்ட் தையலுக்கு ஏற்றதாக்கினார். குட்இயர் வெல்ட் என்ற பெயர் விலையுயர்ந்த தோல் காலணிகளில் இன்றும் தொடர்கிறது.

இயந்திரத்தோடு எதிர்ப்பும் வளர்ந்தது. இங்கிலாந்தின் நார்தாம்ப்டனில் 1850களின் இறுதியில் மேல்தோல் தையல் இயந்திரத்தை எதிர்த்துத் தொழிலாளர்கள் சங்கம் அமைத்துப் போராடினார்கள். அமெரிக்காவில் 1867இல் மில்வாக்கியில் தோன்றிய செயின்ட் கிறிஸ்பின் சங்கம், தொழில் தெரியாத புதியவர்களை இயந்திரத்தில் அமர்த்துவதை எதிர்த்தது. 1870இல் மாசசூசெட்ஸின் நார்த் ஆடம்ஸில் கால்வின் சாம்ப்சன் என்ற முதலாளி, கலிபோர்னியாவிலிருந்து 75 சீனத் தொழிலாளர்களை வரவழைத்து அந்தச் சங்கத்தின் வேலைநிறுத்தத்தை முறியடித்தார். காலணியே செய்தறியாதவர்கள் இயந்திரத்தின் துணையால் விரைவில் பழகிக்கொண்டார்கள். சங்கம் அஞ்சியது அப்படியே நடந்தது.

மாட்செலிகர்

1880 வாக்கில் எஞ்சியிருந்த பெரிய கைவேலை லாஸ்டிங். மேல்தோலை எந்த இடத்தில் எவ்வளவு இழுப்பது, நுனியில் சுருக்கங்களை எப்படி மடிப்பது என்பதைத் தேர்ந்த லாஸ்டரின் விரல்தான் அறியும். நல்ல லாஸ்டர் நாளுக்கு 50 ஜோடி செய்வார். மற்ற இயந்திரங்கள் எவ்வளவு ஓடினாலும் உற்பத்தி இவர்கள் கையில் வந்து நிற்கும். கூலி பேசும் வலிமையும் இவர்களுக்கே இருந்தது.

ஜான் எர்ன்ஸ்ட் மாட்செலிகர் 1852இல் டச்சு கயானாவின், அதாவது இன்றைய சுரினாமின், பரமாரிபோவில் பிறந்தார். தந்தை டச்சுப் பொறியாளர். தாய் கறுப்பினப் பெண். சிறுவயதிலேயே இயந்திரப் பட்டறையில் பழகி, 19 வயதில் கப்பலேறி, 1877இல் லின்னுக்கு வந்தார். ஆங்கிலம் அதிகம் தெரியாது. நிறத்தைக் காரணம் காட்டி ஊரின் சில தேவாலயங்கள் அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. நார்த் சர்ச் சேர்த்துக்கொண்டது. ஹார்னி சகோதரர்களின் ஆலையில் மெக்கே இயந்திரம் ஓட்டியபடி, லாஸ்டர்களின் கை அசைவுகளைக் கவனித்தார். இரவில் சுருட்டுப் பெட்டி மரம், கம்பி, ஆணி ஆகியவற்றைக் கொண்டு முதல் மாதிரியைச் செய்தார். பணம் போட்ட இருவருக்கு உரிமையில் மூன்றில் இரண்டு பங்கைக் கொடுக்க வேண்டியிருந்தது.

காப்புரிமை அலுவலகத்துக்கு அவர் அனுப்பிய விளக்கம் எளிதில் புரியவில்லை. உறுதி செய்துகொள்ள ஓர் அதிகாரியே லின்னுக்கு வந்து இயந்திரத்தைப் பார்த்தார். 1883 மார்ச் 20 அன்று 274,207 என்ற எண்ணுள்ள காப்புரிமை கிடைத்தது. 1885 மே மாதச் சோதனையில் அது 75 ஜோடியைக் குறையில்லாமல் முடித்தது. திருத்தங்களுக்குப் பின் நாளொன்றுக்கு 150 முதல் 700 ஜோடி வரை. இந்தப் பொறி லாஸ்டரின் கைமுறையைத் தாண்ட முயலவில்லை, அதையே பின்பற்றியது. தோலைப் பிடிக்கும், இழுக்கும், மடிக்கும், ஆணி அடிக்கும், அடுத்த இடத்துக்கு நகரும். முன்னர் தோற்ற இயந்திரங்கள் முழு விளிம்பையும் ஒரே அழுத்தில் வளைக்கப் பார்த்தவை. மாட்செலிகர் காசநோயால் 1889 ஆகஸ்ட் 24 அன்று, 37 வயது நிறையும் முன்பே இறந்தார். தம் பங்குகளில் ஒரு பகுதியை நார்த் சர்ச்சுக்கு எழுதி வைத்தார். அமெரிக்க அஞ்சல் துறை 1991இல் அவருக்குத் தபால்தலை வெளியிட்டது.

ஒரே கைக்குள்

1899இல் மெக்கே, குட்இயர், லாஸ்டிங் இயந்திர நிறுவனங்கள் இணைந்து யுனைடெட் ஷூ மெஷினரி ஆயின. மெக்கே தொடங்கிய வாடகை முறை இங்கே முழு உருவம் பெற்றது. ஒரு வேலைக்கு இந்த நிறுவனத்தின் இயந்திரத்தை எடுத்தவர், பிற வேலைகளுக்கும் அதையே நாட வேண்டும் என்ற நிபந்தனைகள் ஒப்பந்தத்தில் இருந்தன. பிளேக், மாட்செலிகர் போன்றோரின் காப்புரிமைகள் காலாவதியான பின்பும் ஆலைகள் வாடகை கட்டிக்கொண்டிருந்ததற்கு இதுவே காரணம். இந்த நிறுவனத்துக்கு எதிராகத் தொடுத்த வழக்கில் 1918இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் அரசு தோற்றது. 1922இல் அத்தகைய நிபந்தனைகள் செல்லாது என்ற தீர்ப்பு வந்தது. மறுபடி தொடுத்த வழக்கில், 1953இல் நீதிபதி வைசான்ஸ்கி, கார்ல் கேசன் என்ற பொருளியலாளரைத் துணைக்கு வைத்துக்கொண்டு அளித்த தீர்ப்பு, வாடகைக்கு விடும் இயந்திரங்களை விலைக்கும் தர வேண்டும் என்றது. 1954இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது.