கிணற்றுக் கடனிலிருந்து கிளிமூக்கு மானியம் வரை

ஆந்திராவின் சித்தூர் 1911-ல் தனி மாவட்டமாகும் முன்பு வட ஆற்காட்டோடு இருந்தது. அந்தக் காலத்து அரசு உதவிக்குப் பெயர் தக்காவி. 1883, 1884-ம் ஆண்டுச் சட்டங்களின்படி கிணறு வெட்ட, மாடு வாங்க, விதைக்க அரசே கடன் கொடுத்தது. மானியம் அல்ல, கடன்தான். தவணை தவறினால் நிலவரி பாக்கி போலவே வசூலித்தார்கள்.

அதற்கும் முன்பே இங்கே வேறொரு ஏற்பாடு இருந்தது. விஜயநகரக் காலத்தில் திருமலைக் கோயிலுக்கு வந்த காணிக்கைப் பணம் கோயில் கிராமங்களில் ஏரி, கால்வாய் வெட்டச் செலவானது. கூடுதல் விளைச்சலில் பெருமாளுக்கு நைவேத்தியம். இன்றைய திட்டங்கள் பலவற்றைவிடக் கணக்குத் தெளிவு!

2004 மே 14-ல் ஆந்திர முதல்வராகப் பதவியேற்ற ராஜசேகர ரெட்டி போட்ட முதல் கையெழுத்து, விவசாயிக்கு இலவச மின்சாரம். வறண்ட சித்தூரில் ஆழ்துளைக் கிணறுகள்தான் வாழ்வு. நிலத்தடி நீர் இறங்கியதும் அவற்றால்தான்.

பிறகு பணம் நேராக வங்கிக் கணக்குக்கே வந்தது. 2019-ல் ரைத்து பரோசா, மத்திய அரசின் 6,000 ரூபாயையும் சேர்த்து ஆண்டுக்கு 13,500. 2025 ஆகஸ்ட்டில் அன்னதாதா சுகீபவா, அதேபோல் 20,000.

அதே 2025 கோடையில் கிளிமூக்கு மாங்காய் விலை சரிந்தது. கூழ் ஆலை வாசல்களில் மாங்காய் டிராக்டர்கள் வரிசைகட்டி நின்றன. காத்திருந்த லோடுகள் வெயிலில் அழுகின. ஆலை கிலோவுக்கு 8 ரூபாய் தரவேண்டும், அரசு 4 ரூபாய் சேர்க்கும் என்று அறிவிப்பு வந்தது. எட்டு ரூபாயைக்கூடச் சில ஆலைகள் தரவில்லை என்று விவசாயிகள் முறையிட்டார்கள். கர்நாடக மாங்காய் சித்தூருக்குள் வரத் தடை விதிக்கப்பட, அம்மாநில முதல்வர் சித்தராமையா ஆந்திர முதல்வர் சந்திரபாபு நாயுடுவுக்குக் கடிதம் எழுதினார்.