இருவர் சுமக்கும் நோய்

பெங்களூரின் தென்பகுதியில், ஓசூர் நெடுஞ்சாலையை ஒட்டி அமைந்தது பொம்மனஹள்ளி. ஒரு காலத்துச் சிற்றூர். 2007ஆம் ஆண்டில் மாநகராட்சியுடன் இணைந்தது. அச்சாலை வழியே நகரை நோக்கிச் சென்றால், 1973ஆம் ஆண்டில் தோன்றிய கித்வாய் நினைவுப் புற்றுநோய் நிலையத்தை அடைவோம். அங்குள்ள மருந்துச் சீட்டில் ஒருவர் பெயரே எழுதப்படும். நோயின் பாரத்தைச் சுமப்பவரோ, பெரும்பாலும் கணவன் மனைவி இருவருமே. இவ்வுண்மையை மருத்துவ உலகம் உணர்ந்த வரலாற்றைச் சிறிது நோக்குவோம்.

நம் நாட்டுப் புற்றுநோய் மருத்துவ வரலாற்றில் ஓர் இல்லறத்துக்குப் பெரும் பங்கு உண்டு. பெங்களூரில் வளர்ந்த மெஹர்பாய், 1898இல் தொழிலதிபர் ஜம்ஷெட்ஜி டாட்டாவின் மூத்த மகன் தொராப்ஜியை மணந்தார். 1931 ஜூன் திங்களில் இரத்தப் புற்றுநோய் அவர் உயிரைக் கவர்ந்தது. அந்நோயை ஆராய்வதற்கென்றே, மறு ஆண்டில் மனைவியின் பெயரால் ஓர் அறநிதியை நிறுவினார் தொராப்ஜி. அவ்வாண்டு ஜூன் திங்களில், மனைவியின் கல்லறையைக் காணப் புறப்பட்ட பயணத்தில் அவரும் ஜெர்மனியில் காலமானார். இங்கிலாந்தின் புரூக்வுட் இடுகாட்டில் இருவரும் துயில்கின்றனர். அவர் விட்டுச் சென்ற அறநிதியின் துணையால் 1941இல் பம்பாயில் டாட்டா நினைவு மருத்துவமனை எழுந்தது.

அக்காலத்தில் மருத்துவரின் கருத்தெல்லாம் கட்டியின்மீதே இருந்தது. நோயின் பெயரை நோயாளியிடம் மறைப்பதே கருணை எனப்பட்டது. பெயரை அறிந்த துணைவர் தனியே அழுதார்; அறியாத நோயாளி தனியே அஞ்சினார். 1977இல் நியூயார்க் நகரின் பெரும் புற்றுநோய் மருத்துவமனையொன்றில் ஜிம்மி ஹாலந்து என்னும் அம்மையார் மனநல மருத்துவப் பிரிவைத் தொடங்கியபோதுதான் நோயாளியின் உள்ளத்துக்கும் முறையான கவனிப்புக் கிடைத்தது. 1990களில் சுவிட்சர்லாந்தின் உளவியலறிஞர் கை போடன்மன், தம்பதியரின் மனச்சுமை ஒருவருடையதன்று, இருவருக்கும் பொதுவானது என்னும் கோட்பாட்டை வகுத்தார்.

பெங்களூரில் 1994ஆம் ஆண்டில் உருவான கருணாசிரயம் என்னும் அறக்கட்டளை, குணமாக்க இயலாத நிலையை எய்திய நோயாளிகளைக் கட்டணமின்றிப் பேணுவதோடு, அவர்தம் குடும்பத்தாருக்கும் ஆறுதல் அளித்து வருகிறது.

இவ்வரலாறு நமக்கு உணர்த்துவது யாது? துணைவர் வருந்துவாரே என்று அச்சத்தை மறைத்துச் சிரித்துப் பழகுவோர், அன்பினாலேயே அவ்வாறு செய்கின்றனர். ஆயினும் அம்மௌனம் பல நேரங்களில் இருவருக்கும் இடையே சுவராகிவிடுகிறது. ஆதலின் மருத்துவர் கூறுவதை இருவரும் ஒருங்கிருந்து கேட்பது நன்று. மனைவி நோயுற்றால் கணவன் அடுப்படியில் நிற்பது இழுக்கன்று. கணவன் நோயுற்றால் மனைவியும் வேளைக்கு உண்டாளா, உறங்கினாளா என்று வினவுவது உற்றார் கடமை. மனம் விட்டுப் பேசும் சொல் கட்டியைக் கரைத்துவிடாது. ஆனால் நோயின் தனிமையைக் கரைக்கும். மருந்தோடு இதனையும் சேர்த்து அளிப்பதே முழுமையான மருத்துவம் அன்றோ?