பிலிப்பைன்ஸ் போகாத குருவி

திருப்பூரிலிருந்து அவிநாசி போகிற சாலையில் அனுப்பர்பாளையம் வந்துவிட்டதை முதலில் காதுதான் சொல்லும். பாத்திரப் பட்டறைகளின் சுத்தியல் சத்தம்! ஒரு மாலை, பட்டறை ஒன்றின் பின்பக்கம் கற்குவியல் மேல் உட்கார்ந்து, அந்தச் சத்தத்துக்கே போட்டியாக அதட்டிக்கொண்டிருந்தது ஒரு குருவி. கன்னங்கரேல் உடம்பு, தோளில் வெள்ளைத் தீற்றல், தூக்கிய வாலுக்கடியில் துருச்சிவப்பு.

‘‘என்ன குருவிங்க அது?’’

பெரியவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. ‘‘அதுங்களா... அது இங்கயே கெடக்குதுங்க தம்பி. பொழுது எறங்கி லைட்டுப் போட்டா பூச்சி புடிக்க வந்துரும்.’’

‘இங்கேயே கிடக்கிற’ அந்தப் பறவையின் பெயர் கருஞ்சிட்டு. புத்தகத்தில் முதலில் அதற்கு எழுதப்பட்ட விலாசம் எது தெரியுமா? பிலிப்பைன்ஸ்!

பாரீஸில் ரேயோமூர் என்ற விஞ்ஞானி சேர்த்துவைத்திருந்த அரும்பொருட்களைப் பராமரித்தவர் பிரிஸ்ஸோன். எங்கெங்கிருந்தோ வந்துசேர்ந்த, பாடம்செய்த பறவைகளைப் பார்த்துப் பார்த்து 1760-ல் ஆறு தொகுதிகளாகப் பறவை நூல் போட்டார். அதில் நம்மாளுக்கு வைத்த பெயர், ‘பிலிப்பைன்ஸின் பெரிய திராக்கே’. பிரெஞ்சில் திராக்கே என்றும் ஆங்கிலத்தில் ‘சாட்’ என்றும் சொல்வது, ஓயாமல் சளசளக்கும் பூச்சிதின்னிச் சிட்டுகளை. கல்லோடு கல் தட்டினாற்போல் கத்துகிற ஒன்றுக்கு ‘ஸ்டோன்சாட்’ என்றே பேர்.

1766-ல் ஸ்வீடனின் லின்னேயஸ், தன் பெரும் பட்டியலின் 12-ம் பதிப்பில் பிரிஸ்ஸோனின் 240 பறவைகளைச் சேர்த்துக்கொண்டார். கருஞ்சிட்டும் உண்டு, தப்பான விலாசத்தோடு! லின்னேயஸ் நம் பக்கம் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. பெரிய மனுஷர் எழுதிவிட்டால் அப்பீல் ஏது? வேடிக்கை என்னவென்றால், அதே நூல்களில் லூசோன் தீவுக்காரராக இடம்பெற்ற புதர்ச்சிட்டு நிஜமாகவே பிலிப்பைன்ஸிலும் இருக்கிறது, நம் நாட்டிலும் இருக்கிறது. கருஞ்சிட்டோ இந்தியத் துணைக்கண்டத்தைத் தாண்டுவதே இல்லை.

பின்னால் வந்த பறவையியலாளர்கள் விலாசத்தைத் திருத்தினார்கள்: பாண்டிச்சேரி. வடக்கே ஆணின் முதுகு பழுப்பு. தெற்கேதான் முழுக் கறுப்பு. பிரெஞ்சுக்காரர்களின் ஊரில் பிடிபட்டது எந்தக் கப்பலில், யார் பெட்டியில் போய் பிலிப்பைன்ஸ் சீட்டு ஒட்டிக்கொண்டதோ! குடும்பமும் நிலைக்கவில்லை. வெகுகாலம் பூங்குருவிக் குடும்பத்தில் வைத்திருந்தார்கள். மரபணு ஆய்வு வந்ததும் ஈப்பிடிப்பான் குடும்பத்துக்கு மாற்றிவிட்டார்கள்.

இத்தனையும் சொன்னேன். பெரியவர் சுத்தியலைக் கீழே வைத்தார். பழைய மண்சுவரில் இருந்த ஒரு பொந்தைக் காட்டினார். உள்ளே புல்லும் மயிரும் மெத்தையாக, நடுவே பாம்புச்சட்டைத் துண்டு ஒன்று. கருஞ்சிட்டுக் கூட்டில் அது சகஜம்.

‘‘இந்தச் செவுத்த இடிச்சுப்போட்டு ஹாலோபிளாக் வெக்கோணும்னு பையன் ரெண்டு மாசமாச் சொல்றானுங்க. குஞ்சு பறந்து போகட்டும்டான்னு நாந்தான் நிறுத்தி வெச்சிருக்கறேன்.’’